எதை வரைவது என்று யார் சொல்வது?

ஓவிய வகுப்பு என்றால் பலகையில் இருப்பதைப் பார்த்து வரைவது என்றே பழகிவிட்டோம். முடிவை மாணவரிடமே விடும் முறை ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் நடந்து காட்டிய விஷயம் அது.

இந்தியாவின் எந்த மூலைக்குப் போய் ஒரு பள்ளிக் குழந்தையிடம் தாளைக் கொடுத்து 'ஏதாவது வரை' என்று சொன்னாலும் பெரும்பாலும் ஒரே படம்தான் கிடைக்கும். முக்கோணமாக இரண்டு மலைகள். நடுவே பாதிச் சூரியன். மலையிடுக்கிலிருந்து வளைந்து நெளிந்து வரும் ஓர் ஆறு. கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை மரம். வானத்தில் நான்கைந்து 'வி' வடிவப் பறவைகள். மலையைக் கண்ணால் பார்த்திராத வங்கச் சமவெளிப் பிள்ளையும் இதைத்தான் வரைகிறது. மும்பையில் பன்னிரண்டாவது மாடியில் குடியிருக்கும் பிள்ளையும் இதைத்தான் வரைகிறது.

இந்தப் படம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. அக்காவிடமிருந்து தம்பிக்கும், முன் பெஞ்சிலிருந்து பின் பெஞ்சுக்கும் தொற்றிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வரைந்த குழந்தையைப் பற்றி அது நமக்கு ஒன்றும் சொல்வதில்லை. அந்தக் குழந்தையின் தெரு, அதன் வீட்டு ஆடு, நேற்றுப் பார்த்த விபத்து, பயந்த கனவு எதுவும் அதில் இல்லை.

ஒரு படம் உருவாகும்போது நான்கு முடிவுகளை யாராவது எடுத்தாக வேண்டும். எதை வரைவது, எந்தப் பொருளைக் கொண்டு வரைவது, எப்படி வரைவது, எப்போது முடிந்துவிட்டது என்று நிறுத்துவது. நம் பள்ளிகளின் டிராயிங் பீரியடில் இந்த நான்கையும் பெரும்பாலும் ஆசிரியரே எடுத்துவிடுகிறார். பலகையில் மாம்பழம் இருக்கும். எல்லா நோட்டிலும் மாம்பழம் விளையும். நிறம் மஞ்சள் என்பதும் முன்பே முடிவான விஷயம். மணி அடித்ததும் படம் முடிந்துவிடும். பிள்ளைக்கு மிச்சம், கோட்டைத் தாண்டாமல் வண்ணம் தீட்டும் வேலை மட்டுமே.

நகல் வந்த வழி

இது ஆசிரியர்களின் சோம்பலால் வந்த பழக்கம் என்று சொல்வது நியாயமல்ல. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் முதல் கலைப் பள்ளிகள் சென்னையில் 1850-லும், கல்கத்தாவில் 1854-லும், பம்பாயில் 1857-லும் தோன்றின. சென்னைப் பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டர் ஓர் அறுவை மருத்துவர். இப்பள்ளிகளுக்கு முன்மாதிரியாக அமைந்தது லண்டனின் சவுத் கென்சிங்டன் முறை. முதலில் அச்சடித்த கோட்டுப் படங்களைப் பிசகாமல் நகலெடுக்க வேண்டும். பிறகு பிளாஸ்டர் வார்ப்புகளைப் பார்த்து வரைய வேண்டும். தொழிலுக்கு உதவும் கையையும் கண்ணையும் தயார் செய்வதே நோக்கம். அளவெடுக்கவும், வரைபடம் போடவும், வடிவமைக்கவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். அந்தத் தேவைக்கு அந்தப் பயிற்சி பொருத்தமாகவே இருந்தது.

காலம் மாறிய பிறகும் பயிற்சி மாறவில்லை என்பதுதான் சிக்கல். மகாராஷ்டிரத்தில் கலை இயக்ககம் நடத்தும் எலிமென்டரி, இன்டர்மீடியட் ஓவியத் தேர்வுகள் இன்றும் பள்ளி மாணவர்களிடையே பிரபலம். பொருளைப் பார்த்து வரைதல், நினைவிலிருந்து வரைதல், டிசைன், வடிவியல், எழுத்து வரைதல் என்று தாள்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. இவற்றால் பல பிள்ளைகளுக்குக் கை திருந்துகிறது. பத்தாம் வகுப்பில் கூடுதல் மதிப்பெண்ணும் கிடைக்கிறது. ஆனால் கேள்வியும் தலைப்பும் எப்போதும் வெளியிலிருந்தே வருகின்றன. தனக்கென்று ஒரு கேள்வியை மாணவர் உண்டாக்கிக்கொள்ளும் இடம் எந்தத் தாளிலும் இல்லை.

கண் தெரியாத மாணவர்

மாற்று வழி ஒன்று வங்கத்தில் முளைத்தது. சாந்திநிகேதனில் 1901-ல் பள்ளி தொடங்கிய ரவீந்திரநாத் தாகூர், 1919-ல் அங்கேயே கலா பவனையும் தொடங்கினார். சில ஆண்டுகளில் அதன் பொறுப்பு நந்தலால் போஸிடம் வந்தது. மதிப்பெண்ணையும் பட்டத்தையும் குறிவைத்து ஓடும் இடமாக அது இருக்கக் கூடாது என்பது தாகூரின் எண்ணம். மாணவர்கள் தங்கள் இடத்தில் தங்கள் வேலையைச் செய்தார்கள். ஆசிரியரும் அருகில் உட்கார்ந்து தன் வேலையைச் செய்தார்.

அந்த முதல் அணி மாணவர்களில் ஒருவர் வினோத் பிஹாரி முகர்ஜி. பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொரு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. இவரை ஓவிய மாணவராக வைத்துக்கொள்வது சரியா என்று நந்தலாலுக்கே சந்தேகம். விஷயம் தாகூரிடம் போனது. பையன் தன் இடத்தில் உட்கார்ந்து கவனமாக வேலை செய்கிறானா என்று கேட்ட தாகூர், செய்கிறான் என்றால் அவனை அவன் வழியில் விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். வினோத் பிஹாரியே தன் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கும் சம்பவம் இது.

அந்தப் பையன்தான் பிற்பாடு 1946-47-ல் சாந்திநிகேதன் ஹிந்தி பவனின் சுவர்களில் இடைக்கால பக்தர்களின் வாழ்க்கையைப் பிரம்மாண்டமான சுவரோவியமாகத் தீட்டினார். ராமானுஜரும் கபீரும் துளசிதாசரும் அதில் இருக்கிறார்கள். முழு அளவு மாதிரிப் படத்தைச் சுவரில் பிரதியெடுக்காமல் நேரடியாகவே வரைந்தார் என்பது அதன் விசேஷம். 1950களின் பிற்பாதியில் பார்வை அடியோடு போயிற்று. அவர் ஓயவில்லை. தாளை வெட்டி ஒட்டினார். களிமண்ணைத் தடவிப் பார்த்து உருவங்கள் செய்தார். ஓடுகள் பதித்த சுவர்ச் சித்திரம் ஒன்றையும் கைகளால் தொட்டு உணர்ந்தே முடித்தார். அவரிடம் படித்த சத்யஜித் ராய் 1972-ல் எடுத்த 'தி இன்னர் ஐ' ஆவணப்படம் அவரைப் பற்றியதுதான். ஒரு பொருளில் கதவு மூடினால் இன்னொரு பொருளில் திறக்கலாம் என்ற பழக்கம் இருந்தவருக்கு மட்டுமே இது சாத்தியம். நுழைவுத் தேர்வு வைத்திருந்தால் அவர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்.

ராம்கிங்கர் பைஜின் கதை வேறு ரகம். பாங்குராவின் எளிய குடும்பத்திலிருந்து 1925-ல் வந்து சேர்ந்தவர். நந்தலாலுக்கு எண்ணெய் வண்ணத்தில் பிடிப்பு இல்லை. ராம்கிங்கருக்கோ அதில் மோகம். குருவுக்குப் பிடிக்காததைச் சீடர் அதே வளாகத்தில் செய்துகொண்டிருந்தார். குருவும் அவரை விரட்டவில்லை. வெண்கலத்துக்கும் பளிங்குக்கும் பணம் இல்லாத இடத்தில் அவர் கையில் எடுத்தது சிமென்டையும் அந்த வட்டாரத்துச் செம்மண் சரளைக் கற்களையும். 1938-ல் செய்த 'சந்தால் குடும்பம்' சிற்பம் இன்றும் அங்கே வெட்டவெளியில் நிற்கிறது. கூடையும் பாயும் குழந்தையுமாக வேலை தேடி நடந்து போகும் ஒரு பழங்குடிக் குடும்பம். என்ன செய்வது, எதைக் கொண்டு செய்வது என்ற இரண்டு முடிவுகளையும் ஒரு இளைஞரிடம் விட்டதால் கிடைத்தது அது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாந்திநிகேதனின் சுதந்திரம், ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்ற சுதந்திரம் அல்ல. நந்தலால் கண்டிப்பானவர். இயற்கை, மரபு, தனித்தன்மை மூன்றும் சேர்ந்ததே கலை என்று ஜப்பானிய அறிஞர் ஒகாகுராவிடம் கற்றதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். மாணவர்களை வெளியூர்களுக்கு அழைத்துப் போனார். அஞ்சலட்டைகளில் படம் வரைந்து அனுப்பினார். பழைய ஓவியங்களை நகலெடுப்பதும் அங்கே நடந்தது. 1938-ல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காக நந்தலால் தீட்டிய சுவரொட்டிகளுக்கு மாணவர்கள் பிரதிகள் எடுத்தார்கள். நகல் என்பது அங்கே கற்றுக்கொள்ளும் வழிகளில் ஒன்று. நம் வகுப்பறைகளிலோ அதுவே ஒரே வழி.

கலைஞர்களுக்குச் சரி, பிள்ளைகளுக்கு?

வினோத் பிஹாரியும் ராம்கிங்கரும் மேதைகள், அவர்களை வைத்து ஆறாம் வகுப்பை அளக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் வார்தாவுக்கு அருகில் இருக்கும் சேவாகிராமில் கிடைக்கிறது. கலா பவனில் படித்த தேவி பிரசாத், 1944-ல் காந்தியின் ஆதாரக் கல்விப் பள்ளிக்கு ஓவிய ஆசிரியராகப் போனார். அங்கே இருந்தவர்கள் ஓவியர்களாகப் போகும் பிள்ளைகள் அல்ல. நூல் நூற்று, தோட்டம் கொத்தி, பாத்திரம் துலக்கிப் படித்த சாதாரணக் குழந்தைகள். எல்லாக் குழந்தைக்கும் கலை உண்டு, எல்லாப் படிப்புக்கும் அது அடித்தளம் என்பது அங்கே அவர் கண்டது. அந்த அனுபவத்தை முதலில் ஹிந்தியிலும் பின்னர் ஆங்கிலத்திலும் நூலாக்கினார். 'ஆர்ட்: தி பேசிஸ் ஆஃப் எஜுகேஷன்' என்ற ஆங்கில நூலை நேஷனல் புக் டிரஸ்ட் 1998-ல் வெளியிட்டது.

கே.ஜி. சுப்ரமணியன் இந்த வரிசையில் இன்னொருவர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் 1924-ல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தபோது வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றார். கல்லூரிக் கதவு மூடியதால் 1944-ல் சாந்திநிகேதன் போய்ச் சேர்ந்தார். ஹிந்தி பவன் சுவரோவியத்தில் வினோத் பிஹாரிக்குக் கை கொடுத்தவர்களில் இவரும் உண்டு. பிறகு பரோடா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அங்கே நடந்த கலைச் சந்தைகளில் ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து பொம்மைகள் செய்து விற்றார்கள். மரத்துண்டும் மணியும் தோல் கீற்றும் சேர்ந்தால் ஒரு பிராணி ஆகிவிடும். கையில் கிடைத்த பொருளே யோசனையைக் கிளப்பும் என்பது பேராசிரியர்களுக்கும் சந்தை மைதானத்தில் புரிந்த பாடம்.

இரண்டு தேர்வுகள்

தமிழில் 'தேர்வு' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். பரீட்சையும் தேர்வுதான், பலவற்றில் ஒன்றைத் தானே எடுத்துக்கொள்வதும் தேர்வுதான். நம் பள்ளிகள் முதல் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டன. விட்டதைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி என்பதை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஓவிய ஆசிரியர்கள் சிலர் வகுப்பறை நடைமுறையாகவே வகுத்திருக்கிறார்கள். கேத்தரின் டக்ளஸ், டயான் ஜாக்வித் இருவரும் 2009-ல் இதைப் புத்தகமாக எழுதினார்கள். குழந்தையைக் கலைஞராகவும் வகுப்பறையை அதன் பட்டறையாகவும் நடத்த வேண்டும் என்பது அடிப்படை.

நடைமுறை எளிமையானது. வகுப்பு தொடங்கியதும் ஆசிரியர் ஐந்து நிமிடம் ஏதாவது ஒன்றைச் செய்து காட்டுகிறார். ஒரு நாள் கரியைத் தேய்த்து நிழல் கொண்டுவருவது. இன்னொரு நாள் இரண்டு களிமண் துண்டுகள் பிரியாமல் ஒட்டுவது. பிறகு பிள்ளைகள் தாங்கள் விரும்பும் மேசைக்குப் போகிறார்கள். கோட்டோவியம் ஒரு பக்கம், வண்ணம் ஒரு பக்கம், வெட்டி ஒட்டுவது ஒரு பக்கம், களிமண் ஒரு பக்கம். எல்லாவற்றையும் முதல் நாளே திறந்துவிடுவதில்லை. ஒரு மேசையில் ஒழுங்கு படிந்த பிறகுதான் அடுத்தது. எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பதும் பாடத்தில் சேர்த்தி. கடைசி ஐந்து நிமிடம் சிலர் தங்கள் வேலையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஐம்பது பேர், நாற்பது நிமிடம், தண்ணீர்க் குழாய் இல்லாத வகுப்பறை என்பது நம் யதார்த்தம். அதிலும் இதைப் படிப்படியாகச் செய்ய முடியும். முதல் படியில் தலைப்பு ஆசிரியருடையது, பொருள் மாணவருடையது: 'மழை' என்று சொல்லிவிட்டு, பென்சிலா, கரியா, கிழித்த செய்தித்தாளா என்பதைப் பிள்ளையிடம் விடலாம். இரண்டாவது படியில் பொருள் ஆசிரியருடையது, தலைப்பு மாணவருடையது. மூன்றாவது படியில் இரண்டுமே மாணவருடையவை. அடுப்புக்கரி, காவிக்கல், சாக்பீஸ், பழைய நாட்காட்டித் தாள், துணிக்கடைக் கழிவு, குளத்து மண் ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. சேவாகிராம் பிள்ளைகளும் பணக்கார வீட்டிலிருந்து வந்தவர்கள் அல்ல.

எதிர்ப்புகள்

சுதந்திரம் கொடுத்தால் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும் என்பது முதல் பயம். ஆரம்பத்தில் சத்தம் கூடத்தான் செய்யும். ஆனால் பொருள்கள் எங்கே இருக்கும், எத்தனை பேர் ஒரு மேசைக்கு, எப்போது எடுத்து வைப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே தெளிவாக இருந்தால், ஆளாளுக்கு வேலை இருக்கும் பட்டறையின் சத்தமாக அது மாறிவிடும்.

பிள்ளைகள் டிவி கார்ட்டூனையே வரைந்து தள்ளுவார்கள் என்பது இரண்டாவது குறை. உண்மைதான். எத்தனையோ ஆண்டுகளாக எதையும் தேர்ந்தெடுக்காத பிள்ளையிடம் திடீரென்று முடிவைக் கேட்டால், கைவசம் உள்ளதைத்தான் நீட்டும். மலையும் சூரியனும் வந்தது போலவே கார்ட்டூனும் வரும். இங்கேதான் ஆசிரியரின் வேலை தொடங்குகிறது. 'இந்த வீரன் உங்கள் தெருவுக்கு வந்தால் எங்கே நிற்பான்?' என்ற ஒரு கேள்வி போதும், தாளுக்குள் அந்தத் தெரு வந்துவிட. வெற்றுத்தாளைப் பார்த்துத் திகைத்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு முழுச் சுதந்திரம் தண்டனை மாதிரி. அதற்கு இரண்டு மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள் என்று சொல்வதுதான் உதவி.

கைத்திறன் போய்விடாதா என்பது மூன்றாவது கேள்வி. தேவை வரும்போது கற்றுக்கொடுத்தால் திறன் ஒட்டிக்கொள்ளும். தன் பாட்டியின் முகத்தை வரையத் தானே முடிவு செய்த பிள்ளைக்கு, மூக்குக்கு நிழல் போடுவது எப்படி என்று தெரிந்துகொள்ளக் காரணம் இருக்கிறது.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்பது கடைசிக் கேள்வி. எல்லோரும் ஒரே மாம்பழம் வரைந்தால் ஒப்பிடுவது சுலபம். ஆளுக்கொன்று செய்தால்? ஹார்வர்டின் புராஜெக்ட் ஜீரோ ஆய்வாளர்கள் 'ஸ்டுடியோ திங்கிங்' என்ற நூலில், நல்ல ஓவிய வகுப்புகள் வளர்க்கும் எட்டுப் பழக்கங்களை அடையாளம் காட்டியிருக்கிறார்கள். கூர்ந்து பார்ப்பது, விடாமல் முயல்வது, மனதில் கற்பனை செய்து பார்ப்பது, புதியதைத் துணிந்து சோதிப்பது, செய்ததைத் திரும்பிப் பார்த்து யோசிப்பது ஆகியவை அவற்றில் சில. படத்தை மட்டும் பார்க்காமல் பிள்ளை வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இவை கண்ணுக்குத் தெரியும்.

காகிதத்தில் இருப்பது

அரசு ஆவணங்கள் இந்த விஷயத்தில் தாராளமாகவே பேசுகின்றன. 2005-ம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவு, பத்தாம் வகுப்பு வரை கலைக் கல்வி கட்டாயப் பாடமாக வேண்டும் என்றது. கலைக்கும் அறிவியலுக்கும், பாடத்துக்கும் பாடம் சாராததற்கும் இடையே சுவர் கூடாது என்றது 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை. 2023-ன் பள்ளிக் கலைத்திட்டத்தில் கலைக் கல்வி தனிப் பாடப் பிரிவாகவே இருக்கிறது. 2024-ல் ஆறாம் வகுப்புக்கு 'கிருதி' என்ற பெயரில் கலைப் பாடநூலையே கொண்டுவந்தது என்.சி.இ.ஆர்.டி.

ஆள் எங்கே என்று கேட்டால்தான் தடுமாற்றம். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள நடுநிலை வகுப்புகளுக்குக் கலை ஆசிரியர் வேண்டும். ஆனால் பகுதி நேர ஆசிரியர் போதும். தமிழ்நாட்டில் 2012-ல் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் ஓவியம், தையல், உடற்கல்வி ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டது இந்தக் கணக்கில்தான். பிறகு ஊதியம் கூடியது. பகுதி நேரம் என்ற முத்திரை போகவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் வெவ்வேறு வேலை செய்யும் வகுப்பில் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையையும் தெரிந்திருக்க வேண்டும். பலகையில் மாம்பழம் வரைந்துவிட்டுப் போக அது தேவையில்லை. அரை நாள் ஆசிரியர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கலையை மற்றப் பாடங்களோடு இணைப்பது என்ற நல்ல யோசனை, பல இடங்களில் சார்ட் பேப்பரில் ஒளிச்சேர்க்கை வரைவதாகச் சுருங்கிவிடுகிறது. அதையும் பாதி நேரம் அப்பாவோ அம்மாவோதான் இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்து வரைகிறார்கள். போட்டிகளும் இதில் சளைத்தவை அல்ல. சாந்திநிகேதன் இருக்கும் அதே வங்கத்தில் 'போஷே ஆங்கோ', அதாவது உட்கார்ந்து வரையும் போட்டி, தெருவுக்குத் தெரு நடக்கிறது. பெற்றோர் கயிற்றுக்கு வெளியே நிற்க, வகுப்பில் பழகி வைத்த படத்தையே பல பிள்ளைகள் அங்கும் போடுகிறார்கள்.

தாகூர் தன் அறுபதுகளில், எந்தப் பள்ளியிலும் பயிலாமல், கையெழுத்துப் பிரதியின் அடித்தல் திருத்தல்களிலிருந்து ஓவியராக மாறியவர். 1930-ல் பாரிஸில் அவருடைய முதல் கண்காட்சி நடந்தது. அந்த வாய்ப்புக்கு எல்லோரும் அறுபது வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு டிராயிங் பீரியட் எல்லாப் பள்ளி அட்டவணையிலும் பெயருக்காவது இருக்கிறது. கணக்கு ஆசிரியர் அதைக் கடன் வாங்காமல் இருப்பது முதல் வேலை. பலகையில் எதையும் வரையாமல் 'இன்று நீ என்ன செய்யப் போகிறாய்?' என்று ஆசிரியர் கேட்பது இரண்டாவது வேலை. பதில் உடனே வராது. சில வாரம் மலையும் சூரியனுமே வரும். அதுவரை பொறுத்திருக்க ஒரு முழு நேர ஆசிரியர் வேண்டும். பிள்ளையின் கிறுக்கலைப் பார்த்து 'இது என்ன கண்றாவி?' என்று கேட்காத ஒரு வீடும் வேண்டும்.